11-க்கு 10 அடி படுக்கையறை: கட்டில், பீரோ, படிப்பு மேசை ஆகியவற்றை எப்படி அமைப்பது?

ஆதம்பாக்கத்துக்காரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரே ஒரு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில், இரண்டாம் தளத்தில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நானும் கணவரும் கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். படுக்கையறையை என் மாமியாருக்கும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கும் கொடுத்துவிட்டோம். அத்தைக்கு 74 வயது, மூட்டுவலி உண்டு. இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது சில நாட்களில் வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறார்.

அறை வடக்கு தெற்காக 11 அடி, கிழக்கு மேற்காக 10 அடி. கூடத்திலிருந்து உள்ளே வரும் கதவு வடக்குச் சுவரின் கிழக்குக் கோடியில் இருக்கிறது. அகலம் 3 அடி. திறந்தால் கதவு கிழக்குச் சுவரை ஒட்டி நிற்கும். அதே கிழக்குச் சுவரின் தெற்குக் கோடியில் கழிவறைக் கதவு, அது அந்தப் பக்கமாகத் திறக்கிறது. தெற்குச் சுவரின் நடுவில் 4 அடி அகல ஜன்னல். மேற்குச் சுவர் முழுவதும் வெற்றுச் சுவர். வெளிச்சுவர் என்பதால் பிற்பகல் வெயில் நேராக அதன்மேல் விழும்.

இப்போது ஆறரை அடிக்கு ஐந்தடிக் கட்டிலை மேற்குச் சுவரில் தலைமாட்டை வைத்து அறையின் நடுவில் போட்டிருக்கிறோம். பீரோ வடமேற்கு மூலையிலும், 4 அடிக்கு 2 அடிப் படிப்பு மேசை ஜன்னலடியிலும், என் தையல் இயந்திரம் கிழக்குச் சுவரோரமும் இருக்கின்றன. பீரோவின் கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கிறது. மேசைக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாற்காலி போட முடியாததால் மகள் கட்டிலில் உட்கார்ந்து, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு படிக்கிறாள். பொருள்களை மாற்றி வைக்க வழி உண்டா, அல்லது ஏதாவது ஒன்றை வெளியேற்றத்தான் வேண்டுமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

அளவுகோல் எழுதியது:

கட்டடப் பொறியாளன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறையின் பரப்பு 110 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 10.2 சதுர மீட்டர். வசிப்பதற்கான அறை ஒன்றே ஒன்று உள்ள வீட்டில் அது 9.5 சதுர மீட்டருக்கும், அகலத்தில் 2.4 மீட்டருக்கும் குறையக் கூடாது என்பது நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வகுத்த அளவு. ஆகவே அறை சிறியதுதான் என்றாலும், இருவர் வாழத் தகுதியான அறையே.

கட்டில் 32.5 சதுர அடி, மேசை 8, பீரோ சுமார் 5, தையல் இயந்திரம் நாலரை என்று கூட்டினால் பொருள்கள் பிடித்திருக்கும் தரை 50 சதுர அடி. மீதி 60 சதுர அடி காலியாகவே இருக்கிறது. ஆனால் கட்டில் நடுவில் கிடப்பதால் அந்த 60 சதுர அடியும் நாலாபுறமும் துண்டு துண்டாகச் சிதறி, எந்தத் துண்டும் ஒரு வேலைக்கும் போதாமல் போய்விட்டது. கட்டிலுக்கும் பீரோவின் முகத்துக்கும் இடையே உங்களிடம் இருப்பது ஏறக்குறைய 17 அங்குலம். பீரோக் கதவு ஒன்றின் அகலமே 18 அங்குலம். கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவில் ஓரடி. இந்த இரண்டு சந்துகளையும் சேர்த்து ஒரே பக்கமாகக் கொண்டுவந்தால் அதில் நாற்காலி போடலாம், பீரோவைத் திறக்கலாம், ஆள் நடமாடவும் செய்யலாம்.

எனவே பொருள்களை எங்கே வைப்பது என்று தொடங்காமல், ஆட்கள் எங்கே நடக்கிறார்கள் என்று தொடங்குங்கள். உங்கள் அறையில் இரண்டு கதவுகளும் கிழக்கு ஓரத்திலேயே அமைந்திருக்கின்றன. இது பெரிய வசதி. ஒரு கதவு வடகிழக்கிலும் மற்றது தென்மேற்கிலும் இருந்திருந்தால் நடைபாதை அறையைக் குறுக்காக வெட்டியிருக்கும். கிழக்குச் சுவரை ஒட்டி, வடக்கிலிருந்து தெற்குவரை 3 அடிப் பட்டையை நடைபாதையாக ஒதுக்கி, அதில் எதையும் வைப்பதில்லை என்று முதலில் முடிவு செய்யுங்கள். மீதமுள்ள 7 அடிக்கு 11 அடியில்தான் மற்ற எல்லாமே.

கட்டிலின் தலைமாடு மேற்கிலேயே இருக்கட்டும். கட்டிலை மட்டும் வடக்கே தள்ளி, அதன் நீளப் பக்கம் வடக்குச் சுவரை ஒட்டும்படி செய்யுங்கள். தெற்கே 6 அடி ஆழத்துக்கு ஒரே வெளியாக இடம் கிடைக்கும். மேசை ஜன்னலடியிலேயே இருக்கட்டும், பீரோ தென்மேற்கு மூலைக்குப் போகட்டும். பீரோவின் முகத்திலிருந்து கட்டில்வரை நாலடிக்கு மேல் இடைவெளி இருக்கும். மேசைக்குப் பின்னால் நாற்காலியை இழுத்து உட்கார இரண்டரை அடி எடுத்துக்கொண்டாலும் ஒன்றரை அடி மிஞ்சும்.

தச்சுப்பட்டறை எழுதியது:

பொறியாளர் ஐயா சொன்ன கணக்கு சரியானது. தச்சன் பார்வையில் சிலவற்றைச் சேர்க்கிறேன். ஒரு சாமானுக்கு இரண்டு அளவுகள் உண்டு: சும்மா நிற்கும்போது ஓர் அளவு, புழங்கும்போது இன்னோர் அளவு. 19 அங்குல ஆழமுள்ள பீரோ, கதவைத் திறந்தால் 37 அங்குலம் ஆகிறது. அதன்முன் ஆள் குனிந்து கீழ்த்தட்டில் புடவை எடுக்க வேண்டுமென்றால் இன்னும் ஓரடியாவது வேண்டும். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை இருந்தால் அதன் ஆழம் முழுவதும் வெளியே வரும். கடையில் பார்க்கும்போது எல்லாம் மூடியே இருப்பதால் வாங்குகிறவர்கள் முதல் அளவை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

அளக்கும்போது சுவரின் அடியில் பதித்திருக்கும் ஸ்கர்ட்டிங் டைலையும் சேர்த்து அளவெடுங்கள், அது அரை அங்குலமாவது முன்னால் வந்திருக்கும். மூலைகளில் கான்கிரீட் தூண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். சென்னை அடுக்குமாடி வீடுகளில் உட்சுவர் நாலரை அங்குலத்திலும் தூண் 9 அங்குலத்திலும் இருப்பதால் இப்படி நீட்டிக்கொண்டிருப்பது சாதாரணம்.

சாமான்களை நகர்த்துவதற்கு முன் செய்தித்தாள்களை ஒட்டி, கட்டில், மேசை, பீரோ ஒவ்வொன்றின் அளவுக்கும் ஒரு தாளை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, தாள்களைத் தரையில் விரித்து, பெரியவரை ஒருமுறை கதவிலிருந்து கழிவறைவரை நடக்கச் சொல்லுங்கள். பீரோத் தாளின்முன் கதவுகளுக்கும் தாள் வெட்டிப் போட்டால் எது எதில் இடிக்கும் என்பது கண்ணெதிரே தெரியும்.

திண்ணை எழுதியது:

எனக்கு இதில் வேறு கருத்து உண்டு. பெரியவர்கள் பொறுத்துக் கேட்க வேண்டும். நம் வீடுகளில் ஓர் அறை பகலில் ஒன்றாகவும் இரவில் வேறொன்றாகவும் இருந்தது. காலையில் பாயைச் சுருட்டி மூலையில் சாய்த்துவிட்டால் அதே இடத்தில் இலை போட்டுச் சாப்பிட்டார்கள், பிள்ளைகள் படித்தார்கள், விருந்தாளி வந்தால் உட்கார்ந்தார். விளக்குக்கும் சின்னச் சாமான்களுக்கும் சுவரிலேயே மாடக்குழி இருந்தது, துணிக்குக் கொடி இருந்தது, எப்போதோ எடுக்கும் பாத்திரங்களுக்குப் பரண் இருந்தது. தரையை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும் சாமான் மிகக் குறைவு. இப்போது 110 சதுர அடியில் முப்பதுக்கு மேல் ஒரு கட்டில் பிடித்துக்கொள்கிறது. அதை நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் பயன்படுத்துகிறோம்.

உங்கள் மாமியாருக்கு மூட்டுவலி இருப்பதால் கட்டில் கட்டாயம் வேண்டும், தரையில் படுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு 3 அடி அகலக் கட்டில் போதும். பேத்தி இளவயதுப் பெண். மடக்கும் மெத்தையோ, இலவம்பஞ்சு மெத்தையின்மேல் ஒரு பத்தமடைப் பாயோ போட்டுப் படுக்கலாம். காலையில் எடுத்துவிட்டால் 13 சதுர அடி தரை திரும்பக் கிடைக்கும். அந்த வயதில் பெண்ணுக்கு அறையில் கால் நீட்டி உட்காரவும், தோழியோடு உட்கார்ந்து படிக்கவும் ஓரிடம் வேண்டும். கட்டில்தான் அறை என்று ஆகிவிட்டால் அந்த இடம் இல்லாமல் போகிறது.

ஆதம்பாக்கத்துக்காரி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. திண்ணை ஐயா சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் கட்டில் என் நாத்தனார் ஆசையாக வாங்கிக் கொடுத்தது, தேக்கு மரம். அதோடு, இரவில் தடுமாறினால் தொட்டு எழுப்பப் பேத்தி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அத்தை விரும்புகிறார். ஆகவே இப்போதைக்கு இந்தக் கட்டிலை வைத்தே வழி பார்க்கிறேன். வடக்குச் சுவரோடு ஒட்டிப் போட்டால் மகள் சுவர்ப் பக்கம் படுத்துக்கொண்டு, அத்தையைத் தாண்டாமல் கால்மாட்டு வழியாக இறங்கிவிடலாம் என்று நினைக்கிறேன்.

ஈசான மூலை எழுதியது:

சகோதரி, பீரோவைத் தென்மேற்கு மூலையில் வைப்பது வாஸ்துப்படியும் உகந்தது. கன்னி மூலையில் கனமான பொருள் இருக்க வேண்டும், பணம் வைக்கும் பெட்டி வடக்கு நோக்கித் திறக்க வேண்டும் என்பார்கள். பொறியாளர் சொன்ன அமைப்பில் இரண்டும் தாமாகவே பொருந்துகின்றன. தலை வைத்துப் படுக்கக் கிழக்கும் தெற்கும் சிறப்பு, மேற்கு நடுத்தரம், வடக்கு மட்டும் கூடாது என்பது வழக்கு. மேற்கில் தலை வைப்பதில் வயதானவருக்கு மனக்குறை இருக்குமா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

அளவுகோல் எழுதியது:

ஈசான மூலை நண்பரின் கடைசி வரியை நானும் வழிமொழிகிறேன். அந்த அறையில் தூங்க வேண்டியவர் அவர். அவர் மனம் ஒப்பாத திசையில் கட்டிலைப் போட்டுவிட்டு எந்தக் கணக்கைச் சொன்னாலும் பயனில்லை.

திசை பற்றி நான் சொல்ல வேண்டியது வெயிலைப் பற்றியது. மேற்கு வெளிச்சுவர் பிற்பகல் முழுவதும் வாங்கிய வெப்பத்தை முன்னிரவில்தான் அறைக்குள் விடும். சித்திரை, வைகாசியில் இரவு சாப்பிட்டுவிட்டு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், சூடு இறங்கியிருக்காது. அதனால் தலைமாட்டைச் சுவரோடு ஒட்டாமல் 4 அங்குலம் விலக்கிப் போடுங்கள். காற்று ஓடுவதற்கு அது போதும். கட்டில் 4 அங்குலம் கிழக்கே நகர்ந்தாலும் கால்மாட்டுக்கும் கிழக்குச் சுவருக்கும் இடையே 38 அங்குலம் மிஞ்சுகிறது. கட்டிலின் முனை வாசற்கதவின் நிலையைத் தொடாமல் நிற்கும்.

பீரோவுக்கும் இதே விதி உண்டு, காரணம் வேறு. தென்மேற்கு மூலையின் இரண்டு சுவர்களும் வெளிச்சுவர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் ஈரம் வாங்கினால் ஒட்டி நிற்கும் பீரோவின் முதுகு துருப்பிடிக்கும், உள்ளே இருக்கும் துணியில் பூஞ்சை வாடை வரும். பின்புறம் 3 அங்குலம் விட்டு வையுங்கள். அந்த இடைவெளியில் அட்டைப்பெட்டி, பழைய நாட்காட்டி எதையும் செருகாதீர்கள்.

நடைப்பயிற்சி எழுதியது:

இயன்முறை மருத்துவத் துறையில் இருக்கிறேன். இந்த அறையின் மையமான கேள்வி, இரவு இரண்டு மணிக்கு அரைத்தூக்கத்தில் எழும் 74 வயதுப் பெண்மணி விழாமல் கழிவறைக்குப் போய் வருவது. மேசையும் பீரோவும் அதற்குப் பிறகுதான்.

வாக்கரின் கால்களுக்கு இடையே ஏறத்தாழ இரண்டடி அகலம் இருக்கும். அதைப் பிடித்து நடப்பவருக்கு இரண்டடிச் சந்து போதவே போதாது. குறைந்தது இரண்டரை அடி வேண்டும், திரும்பும் இடத்தில் மூன்றடி. கிழக்குச் சுவரோரம் தையல் இயந்திரம் நின்றால், அதன் ஒன்றரை அடி ஆழம் போக, கட்டிலின் கால்மாட்டுக்கு எதிரே பாதை இரண்டடிக்கும் கீழே போய்விடும். ஆகையால் இயந்திரம் அந்தச் சுவரில் இருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

கட்டிலின் உயரத்தையும் பாருங்கள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போது முழங்கால் மடிப்பின் கீழிருந்து தரைவரை அளவெடுத்து, அதற்கு ஓரிரு அங்குலம் கூடுதலாக மெத்தையின் மேற்பரப்பு இருக்கும்படி செய்யுங்கள். அவர் உட்கார்ந்தபின் மெத்தை அமுங்கும் அளவையும் கணக்கில் கொள்ள வேண்டும். பலருக்கு இது 18 முதல் 20 அங்குலத்துக்குள் அமையும். கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைக்கலாம். கட்டை வழுக்காதபடி அதன் மேல்புறத்தில் குழி தோண்டி, கட்டில் கால் அதற்குள் இறங்கி உட்கார வேண்டும்.

கடைகளில் இப்போது தரைவரை பலகை அடைத்த பெட்டிக் கட்டில்களே அதிகம். உட்கார்ந்த நிலையிலிருந்து எழும் ஒருவர் முதலில் செய்வது, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து முழங்காலுக்குக் கீழே கொண்டுவருவதுதான். அப்போதுதான் உடலின் எடை முன்னே சாய்ந்து பாதத்தின்மேல் வரும். பலகை தரைவரை இருந்தால் குதிகால் அதில் முட்டி நின்றுவிடும். அவர் கையை ஊன்றி, முட்டியின்மேல் பாரத்தைப் போட்டு எழ வேண்டியதாகும். உங்கள் தேக்குக் கட்டில் கால் வைத்த கட்டிலாக இருந்தால், அவர் படுக்கும் பக்கத்தில் அடியில் பெட்டி எதையும் தள்ளாமல் ஓரடி ஆழத்துக்காவது காலியாக விடுங்கள். சாமான் வைக்க வேண்டுமானால் சுவர்ப் பக்கமாகத் தள்ளி வையுங்கள்.

கழிவறை வாசலில் கிடக்கும் பழைய துணி மிதியடியை எடுத்துவிடுங்கள். பளிங்குத் தரையில் அது வழுக்கிக்கொண்டு ஓடும். படுக்கையிலிருந்து கழிவறைவரை ஒரு மின்கம்பிகூடத் தரையில் குறுக்கே போகக் கூடாது. முழங்கால் உயரத்தில் உள்ள பிளக்கில் ஒரு சிறிய இரவு விளக்கைப் பொருத்துங்கள். வெளிச்சம் தரையில் விழ வேண்டும்.

வெண்பலகை எழுதியது:

மகளின் மேசையைப் பற்றி ஆசிரியராகச் சில வார்த்தைகள். ஜன்னலை நோக்கி உட்கார்ந்தால் நோட்டில் கை நிழல் விழாது, ஆனால் மடிக்கணினி பார்க்கும்போது எதிரே இருக்கும் வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்யும். வலக்கைக்காரருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருவதே நல்லது. ஆனால் இந்த அறையில் மேசையைக் குறுக்காகத் திருப்பினால் பீரோவின் முன்பகுதி அடைபடும் அல்லது பாதை அடைபடும். ஆகையால் ஜன்னலை நோக்கிய அமைப்பே சரி. ஜன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் மெல்லிய வெள்ளைத் திரை போட்டால் கூச்சம் குறையும், மேற்பாதி வழியாக வெளிச்சமும் காற்றும் வரும்.

சென்னை 13 பாகை வட அகலாங்கில் இருப்பதால் ஏப்ரல் பிற்பகுதியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் தலைக்கு நேர்மேலோ சற்று வடக்கிலோதான் இருக்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல் வழியாக உச்சி வெயில் மேசையில் விழாது. மார்கழி, தையில்தான் வெயில் சாய்வாக உள்ளே வரும். அதற்குத் திரை போதும்.

பேத்தி இரவு பத்து மணிக்குமேல் படிப்பாள், பாட்டி ஒன்பதுக்கே தூங்கிவிடுவார். ஆகவே மேசை விளக்கின் மூடி கீழ்நோக்கி இருக்க வேண்டும், பல்பு கட்டிலில் படுத்திருப்பவர் கண்ணுக்குத் தெரியக் கூடாது. கட்டிலில் படுத்துப் பார்த்தே விளக்கின் தலையைத் திருப்பி நிறுத்துங்கள்.

நெய்தல் எழுதியது:

சிறிய அறை என்றதும் எனக்கு லெ கொர்புசியே நினைவுக்கு வருகிறார். சண்டிகர் நகரத்தை வடிவமைத்த அவர், தெற்குப் பிரான்சின் ரோக்புருன் கடற்கரையில் 1952-இல் தமக்கென்று கட்டிக்கொண்ட விடுமுறைக் குடில் ஒரே அறைதான். 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், நம் கணக்கில் 12 அடிக்கு 12 அடி. படுக்கை, மேசை, அலமாரி எல்லாம் சுவர்களையொட்டி ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வருகின்றன, நடுவில் நிற்கவும் திரும்பவும் இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. மேசை ஜன்னலோரம். 2016-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அவருடைய படைப்புகளில் சண்டிகரின் கேப்பிட்டல் அரசு வளாகத்தோடு இந்தச் சிறு குடிலும் ஒன்று.

ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அந்தக் குடிலில் சமையலறை இல்லை, அவர் பக்கத்தில் இருந்த உணவகத்தில் சாப்பிட்டார். பள்ளிப் பாடநூல், பட்டுப்புடவை, ஊறுகாய் ஜாடி எதுவும் அதில் வைக்க வேண்டியிருக்கவில்லை. நடுவைக் காலியாக விட்டுச் சுற்றிலும் பொருள்களை வைப்பது என்ற ஒன்றுதான் நமக்கு உதவும். பொறியாளர் சொன்ன அமைப்பும் அதைத்தான் செய்கிறது.

ஆதம்பாக்கத்துக்காரி எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை கட்டிலை நிமிர்த்தி வைத்துவிட்டுச் செய்தித்தாள் விரித்துப் பார்த்தோம். அத்தை வாக்கர் பிடித்துக் கதவிலிருந்து கழிவறைவரை தடையில்லாமல் நடந்தார். மேற்கில் தலை வைப்பதில் தமக்குக் குறையில்லை என்றும், ஊரில் அவர் மாமனார் அப்படித்தான் படுப்பார் என்றும் சொன்னார். ஆனால் இரண்டு சிக்கல்கள்.

தச்சுப்பட்டறை ஐயா எச்சரித்தது போலவே தென்மேற்கு மூலையில் தூண் மேற்குச் சுவரிலிருந்து 5 அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது. பீரோவைத் தூணுக்கு அடுத்தாற்போல் வைத்தால் அது ஜன்னலுக்குமுன் 5 அங்குலம் வந்துவிடுகிறது. மேசையை அவ்வளவு தள்ளினால் கழிவறைக் கதவுக்குமுன் பாதை இரண்டரை அடிக்குச் சுருங்குகிறது. மேலும் மேசை பீரோவைவிடச் சற்று முன்னால் வருவதால் மேசைப் பக்கமுள்ள பீரோக் கதவு மேசை விளிம்பில் தட்டி முழுவதும் விரிய மறுக்கிறது.

இரண்டாவது, தையல் இயந்திரம். அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். அதை விற்கவோ பரணில் ஏற்றவோ மனம் வரவில்லை.

தச்சுப்பட்டறை எழுதியது:

முதல் சிக்கல் மேசையில் தீர வேண்டியது. பீரோவையும் தூணையும் வெட்ட முடியாது, மேசையை வெட்டலாம். 4 அடிப் பலகையின் நீளத்தை மூன்றரை அடியாகக் குறைத்து, ஒரு பக்கக் கால்களை உள்ளே நகர்த்திப் பொருத்திவிட்டால், பீரோவுக்கும் மேசைக்கும் நடுவில் ஓர் அங்குலம் விட்ட பிறகும் கழிவறைப் பக்கம் மூன்றடிப் பாதை ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். ஆழத்திலும் 3 அங்குலம் குறைத்து 21 அங்குலம் ஆக்கச் சொல்லுங்கள். அப்போது மேசையின் முன்விளிம்பு பீரோ முகத்துக்குப் பின்னால் போய்விடும், கதவு தட்டாமல் விரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு 42 அங்குல நீளமும் 21 அங்குல ஆழமும் தாராளம்: திறந்த பாடநூல், அதன் பக்கத்தில் நோட்டு, ஒரு விளக்கு. அரை நாள் வேலைதான். பாதை பக்கம் உள்ள மேசை மூலை இரண்டையும் உருட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். இருட்டில் இடுப்பில் இடிக்கும் மூலை அதுதான்.

பீரோ ஜன்னலை 5 அங்குலம் மறைப்பதால் காற்று நின்றுவிடாது, மூன்றடி ஏழு அங்குலம் திறந்தே இருக்கும்.

தையல் இயந்திரத்தைப் பற்றி இயன்முறை மருத்துவர் சொன்னதை நான் முழுவதும் ஏற்கிறேன். மிதி இயந்திரத்தின் இரும்புக் கால்கள் விரிந்து நிற்கும். இருட்டில் வாக்கரின் கால் அதில் மாட்டினால் பெரியவர் விழுவார். அதைக் கூடத்துக்கு மாற்றுங்கள்.

திண்ணை எழுதியது:

கூடத்தில் எங்கே என்பதையும் சொல்ல வேண்டும் அல்லவா? தைப்பவருக்கு வெளிச்சம்தான் உயிர். ஊசி கண்ணுக்குத் தெரியும் இடத்தில், கூடத்து ஜன்னலோரத்தில் இயந்திரத்தை வையுங்கள். அந்த இடத்தில் பெரும்பாலும் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும். தொலைக்காட்சிக்கு வெளிச்சம் தேவையில்லை, திரையில் ஜன்னல் தெரிவதால் இடைஞ்சல்தான். இரண்டையும் இடம் மாற்றுங்கள். வீட்டில் சம்பாதிக்கும் ஓர் இயந்திரத்துக்கு வெளிச்சமுள்ள இடத்தைக் கொடுப்பது நியாயம்.

ஆதம்பாக்கத்துக்காரி எழுதியது:

தொலைக்காட்சி ஜன்னலோரத்தில்தான் இருக்கிறது. கணவரிடம் பேசிவிட்டேன், மாற்றச் சம்மதித்தார். மேசைக்குத் தச்சரைக் கூப்பிட்டிருக்கிறோம். பீரோவை நகர்த்துவதுதான் பயமாக இருக்கிறது. அதன் தலையில் மூன்று சூட்கேஸ்கள் வேறு இருக்கின்றன. கவிழாதபடி பீரோவைச் சுவரில் பிணைக்கலாம் என்றால், வீட்டுக்காரர் துளை போட அனுமதிப்பாரா என்றும் தெரியவில்லை.

தச்சுப்பட்டறை எழுதியது:

கேட்டுப் பெறுங்கள். இரண்டே துளைகள், காலி செய்யும்போது பட்டி பூசிக் கொடுத்துவிடலாம் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். இதை நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. சுவரில் பிணைக்காத இழுப்பறை அலமாரிகள் குழந்தைகள்மேல் கவிழ்ந்து உயிரிழப்பு நேர்ந்ததால், 2016-இல் அமெரிக்காவில் ஐகியா நிறுவனம் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் அலமாரிகளைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. நம் இரும்பு பீரோவின் வடிவம் வேறு என்றாலும், இரண்டு கதவுகளும் திறந்திருக்கும்போது அதன் பாரம் முன்னால் வந்துவிடும். பெரியவர் தடுமாறும்போது கையில் கிடைக்கும் பிடி பெரும்பாலும் பீரோக் கதவின் கைப்பிடிதான். பின்புறம் 3 அங்குலம் விட்டிருப்பதால் அந்த நீளத்துக்கு இரும்புப் பட்டையை வளைத்து, மேற்புறத்தில் இரண்டு இடங்களில் 9 அங்குல வெளிச்சுவரில் பிணையுங்கள்.

சூட்கேஸ்களைப் பரணுக்கு அனுப்புங்கள். பீரோவின் கீழ்த்தட்டில் கனமானவையும் மேல்தட்டில் லேசானவையும் இருக்கட்டும்.

நகர்த்தும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் தையல் இயந்திரம் கூடத்துக்குப் போகட்டும். மேசையைத் தச்சர் எடுத்துக்கொண்டு போகும் நாளையே தேர்ந்தெடுங்கள், அப்போது ஜன்னலடி காலியாக இருக்கும். கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, பீரோவை முழுவதும் காலி செய்து, கதவுகளைப் பூட்டி, கால்களுக்கு அடியில் மடித்த கோணிப்பையைக் கொடுத்து இரண்டு பேர் தாழ்வாகப் பிடித்துத் தள்ளுங்கள். பளிங்கு ஓட்டில் வெறும் இரும்புக் கால் இழுபட்டால் கோடு விழும், அது அழியாது. மூலைக்குப் போனதும் கதவுகளைத் திறந்து விட்டுப் பாருங்கள். தானாக மூடினாலோ தானாக விரிந்தாலோ பீரோ மட்டமாக இல்லை என்று அர்த்தம். தாழ்ந்த காலுக்கு அடியில் தகடு கொடுத்துச் சரிசெய்த பிறகே சுவரில் பிணைக்க வேண்டும். கட்டிலைக் கடைசியாகப் பூட்டுங்கள், தலைமாட்டில் 4 அங்குலம் விட மறக்க வேண்டாம். அன்று இரவே பெரியவரை ஒருமுறை விளக்கை அணைத்துவிட்டு, இரவு விளக்கின் வெளிச்சத்தில் மட்டும் கழிவறைவரை நடக்கச் சொல்லி நீங்கள் பின்னால் போங்கள். அவர் கை எங்கெங்கே பிடி தேடுகிறது என்று பார்த்து வந்து எழுதுங்கள். அந்த இடங்களில் மரக் கைப்பிடி செய்து பொருத்துவதைப் பற்றிப் பேசலாம்.